தொம்மலூர் தெருமுனையிலிருந்து வீட்டுக்கு ஒரு போன்

பெங்களூரில் பிறந்து வளர்ந்தவன் பெங்களூருக்குப் போய் வந்ததைப் பயணம் என்று எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். எழுதலாம் என்றே நினைக்கிறேன். பத்து நாட்களும் நான் யாரிடமாவது வழி கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

மஸ்கட்டில் ஒரு பல் லேபில் வேலை செய்கிறேன். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. சிவாஜிநகரில் ஒரு மாடி அறையில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். மஸ்கட்டுக்கு வந்த புதிதில் அச்சில் பிளாஸ்டர் ஊற்றுவதும் தரையைக் கழுவுவதும்தான் என் வேலை. இப்போது பீங்கான் பல்லுக்குக் கடைசி நிறம் கொடுப்பவன் நான். எனக்குக் கீழே நான்கு பேர் இருக்கிறார்கள். எங்கள் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு. பல்லைக் கட்டிக்கொள்ளப் போகிறவரை நாங்கள் பார்ப்பதே இல்லை. டாக்டர் எடுத்த அச்சும், நிறம் எழுதிய ஒரு சீட்டும் வரும். அதை வைத்துக்கொண்டு செய்து அனுப்புவோம். பொருந்தாவிட்டால் அதே டப்பாவில் திரும்பி வரும். யாரிடமும் முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்பதால் என் சுபாவத்துக்கு ஒத்துப்போன வேலை.

பதினான்கு வருடங்களாக என் விசாவில் 'உதவியாளர்' என்றே இருந்தது. போன வருடம் முதலாளி அதை 'டெக்னீஷியன்' என்று மாற்றிக் கொடுத்தார். குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம் என்றானது. ஐந்து பேர் இருந்த அறையை விட்டுவிட்டு, இரண்டு படுக்கையறை உள்ள வீடு ஒன்றை எடுத்தேன். மகள் நிஷாவுக்கு ஜன்னலோரம் படிக்கிற மேசை. மனைவி ஜெசிந்தா உயரம் குறைவு, அதனால் சமையல் மேடைக்கு முன்னால் போட ஒரு மரப்படி. இரண்டு மாதம் அந்த வீட்டில் தனியாக இருந்தேன். ஐந்து பேர் இருந்தபோது குளியலறைக்கு வரிசையில் நிற்க வேண்டும், அது ஒரு தொந்தரவு. இப்போது வரிசையே இல்லை, அதுவும் ஒரு தொந்தரவாக இருந்தது. டீ போடப் போகும்போதெல்லாம் மரப்படி காலைத் தடுக்கும்.

மே மாதம் பத்து நாள் லீவு கிடைத்தது. சர்ச்சில் கல்யாணச் சான்றிதழ் வாங்கி, ரிஜிஸ்டர் ஆபீசில் பதிந்து, அதன்மேல் இன்னும் சில முத்திரைகள் வாங்க வேண்டும். "மே மாசம் வந்து பேப்பர் வேலைய முடிக்கிறேன், அப்புறம் நீங்க ரெண்டு பேரும் வந்துடலாம்" என்று போனில் சொன்னேன். "வாங்க, பேசிக்கலாம்" என்றாள் ஜெசி. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் ஏர்போர்ட் பஸ்ஸில் வந்து தொம்மலூரில் இறங்கினேன். அங்கிருந்து வீட்டுக்கு ஆட்டோ.

"எல்லிகே சார்?" எங்கே போகணும் என்று ஆட்டோக்காரர் கேட்டார். என் வாயில் வந்தது மஸ்கட் இந்தி. பாகிஸ்தானிக்கும் வங்காளிக்கும் மலையாளிக்கும் பொதுவாக அங்கே ஓர் இந்தி உண்டு. யார் எதைக் கேட்டாலும் அதுதான் வரும். ஆட்டோக்காரரின் முகம் மாறியது. "கன்னடா பரல்வா?" என்றார்.

கன்னடம் தெரியாதா என்று கேட்கிறார். "நானு இல்லே ஹுட்டித்து" என்று தடுமாறிச் சொன்னேன், நான் இங்கேதான் பிறந்தேன் என்று. தலையை வெளியே நீட்டி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் தமிழுக்கு மாறினார்.

"இங்க பொறந்துட்டு இந்தி பேசறியா? நல்லா இருக்கு சாமி உன் கதை. ஏறு, ஏறு. எந்த கிராஸு?"

எந்த கிராஸ், அதாவது எந்தக் குறுக்குத்தெரு என்பது எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன்னால்தான் ஜெசி ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து இந்த வீட்டுக்கு மாறினாள். நான் கடைசியாக லீவில் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. நிஷாவுக்கு போன் செய்து ஆட்டோக்காரரிடம் கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். கீழ்வரிசையில் இரண்டு பல் இல்லை. நான் எவரையும் கண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் பல்லைப் பார்த்துவிடுவேன். தொழில் பழக்கம், கொஞ்சம் கூச்சமும்தான்.

தினமும் இந்திய நேரம் மாலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வீடியோவில் பேசுவேன். மஸ்கட்டில் அது ஐந்தரை, லேபில் டீ நேரம். அந்த வீட்டில் எனக்குத் தெரிந்ததெல்லாம் போனில் தெரியும் ஒரு பச்சைச் சுவரும் ஒரு காலண்டரும்தான். மாடிப்படி ஏறி உள்ளே போனதும் அந்தச் சுவரை அடையாளம் கண்டுகொண்டேன். மற்ற மூன்று பக்கமும் புதிது. கை கழுவப் போய்க் கதவைத் திறந்தால் உள்ளே அரிசி டின்களும் பழைய மின்விசிறியும் இருந்தன.

"அது ஸ்டோர் ரூம் டாடி" என்றாள் நிஷா. என் தோளுக்கு மேல் வளர்ந்திருந்தாள். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். நானும் வேறு பக்கம் பார்த்தேன்.

ஜெசிக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. மதியம் வந்தாள், ஸ்கூட்டியில். ஹெல்மெட்டைக் கழற்றியபடியே படியேறினாள்.

"ஸ்கூட்டி யாருது?"

"என்னுதுதான். வாங்கி ஒரு வருஷமாச்சு. போன்ல சொன்னேனே, நீங்க 'நல்லது'ன்னீங்க."

சொல்லியிருப்பாள். லேபில் பின்னால் பாலிஷ் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது நான் எல்லாவற்றுக்கும் நல்லது என்றுதான் சொல்வேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு மஸ்கட் வீட்டின் வீடியோவைக் காட்டினேன். "நல்லா இருக்கு டாடி" என்றாள் நிஷா, பள்ளிக்கூடத்தில் யாரோ வந்து பேசினால் கைதட்டுவதுபோல. சமையலறை வந்ததும் ஜெசி படத்தை நிறுத்தினாள்.

"இது என்ன பலகை?"

"நீ ஏறி நிக்கறதுக்கு. மேடை உயரம் அங்க."

அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். "இங்க நான் ஓனர் ஆன்ட்டிகிட்ட பேசி மேடையையே எறக்கிக் கட்டிக்கிட்டேன்" என்றாள். எழுந்து போய்ப் பார்த்தேன். உண்மைதான். பாத்திரம் கழுவ நான்தான் குனிய வேண்டியிருந்தது.

ஏழு மணி ஆனது. மூன்று பேரும் கூடத்தில் இருந்தோம். தினமும் பேசுகிற நேரம். என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை. நிஷா டிவியைப் போட்டாள்.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சில் பூசை முடிந்து கோயில் ஆபீசுக்குப் போனோம். எங்கள் கல்யாணம் அங்கேதான் நடந்தது. பெரிய பதிவேட்டைப் புரட்டிய செயலாளர் முப்பது வயதுப் பெண். என்னையும் ஜெசியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஜெசி அக்கா, இவரா உங்க ஹஸ்பண்ட்? நெஜமாவா? நாங்கல்லாம்..." என்று நிறுத்திக்கொண்டாள்.

"என்ன, கதை கட்டி வச்சிருக்கேன்னு நெனச்சீங்களா? பாத்துக்கோங்க, ஆளு இருக்காரு. தொட்டுக்கூடப் பாத்துக்கோங்க."

ஆபீசில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சான்றிதழ் பத்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது. வெளியே வந்து தெருமுனைக் கடையில் காரா பன்னும் பை-டூ காபியும் வாங்கினோம். ஒரு காபியை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றித் தருவது இந்த ஊர் வழக்கம். மஸ்கட்டில் இப்படிக் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார், அவர் கொடுக்கிற டீயே இரண்டு வாய்தான் இருக்கும். கல்யாணமான புதிதில் நாங்கள் இப்படிக் குடித்திருக்கிறோம். அதை ஜெசியிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவளுக்குப் போன் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து. நாளைக்கு யார் எந்த ஷிப்ட் என்று கன்னடத்தில் உத்தரவு போட்டுக்கொண்டே காபியைக் குடித்து முடித்தாள்.

திங்கட்கிழமை ஒரு கையெழுத்து வாங்க அவள் வேலை செய்யும் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் வார்டில் உதவியாளாகச் சேர்ந்தவள். இப்போது கவுண்ட்டர் இன்சார்ஜ். வாசல் காவலாளி என் கையில் ஒரு டோக்கனைக் கொடுத்து உட்காரச் சொன்னார். நான் யார் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது, உட்கார்ந்துவிட்டேன்.

முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கண்ணில் கட்டுப் போட்டவர்கள், சொட்டு மருந்து விட்டு அண்ணாந்திருப்பவர்கள். கவுண்ட்டரில் ஜெசி நான்கு மொழி பேசினாள். ஒரு பெரியவர் கத்தினார், காலையிலிருந்து காத்திருக்கிறாராம்.

"ஐயா, டாக்டர் நெஜமாவே ஆபரேஷன்ல இருக்காரு. நான் ஒளிச்சு வச்சிருக்கேன்னா டிராயரைத் தொறந்து காட்டட்டுமா?"

பெரியவர் சிரித்துவிட்டார். ஜெசியும் வாய் திறந்து சிரித்தாள். மேல்வரிசைக் கோரைப்பல் கொஞ்சம் திரும்பியிருக்கும், அது தெரிந்தது. போனில் அவள் எப்போதும் வாயை மூடித்தான் சிரிப்பாள். எத்தனை வருடமாக நான் அந்தப் பல்லைப் பார்க்கவில்லை என்று கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் எண் வந்தது. நிமிர்ந்து பார்த்தவள், "ஐயோ, நீங்களா! சொல்லக்கூடாதா?" என்றாள். பக்கத்துப் பெண், "யாரு மேடம்?" என்று கேட்டாள். "வீட்டுக்காரர்" என்றாள் ஜெசி. அந்தப் பெண் எழுந்து நின்று எனக்கு வணக்கம் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை சிவாஜிநகருக்குத் தனியாகப் போனேன். மஸ்கட் நண்பர் ஒருவருக்குத் துணி வாங்க வேண்டியிருந்தது. சீக் கபாப் சாப்பிட்டேன், அது மட்டும் நாக்குக்குத் தெரிந்த ருசியில் இருந்தது. திரும்பும்போது என் பழைய பஸ் நிற்கும் இடத்தில் தகரம் அடைத்து வைத்திருந்தார்கள். மெட்ரோ வேலையாம். யாரோ கைகாட்டிய பஸ்ஸில் ஏறினேன். அது வேறெங்கோ போனது. இறங்கின இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. மஸ்கட்டில் வானத்தைப் பார்த்துக் குடை எடுக்கும் பழக்கம் போய்விட்டது. ஒரு மருந்துக்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நிஷாவுக்குப் போன் செய்தேன்.

"டாடி, எங்க நிக்கறீங்க? எதிர்ல என்ன இருக்கு, படிங்க. ஐயோ, கன்னட போர்டு படிக்க மாட்டீங்களா? நீங்க பெங்களூர்காரர்னு வெளிய சொல்லாதீங்க டாடி, எனக்கு அவமானம்."

நான்கு நாட்களாக 'ம்', 'ஓகே டாடி' தவிர ஒன்றும் பேசாத பெண். போனில் பொலபொலவென்று கொட்டினாள். கீழ்வீட்டுப் பூனை குட்டி போட்டது, சிநேகிதி ஒருத்தியோடு சண்டை, மம்மி ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டபோது காய்கறி வண்டியில் மோதியது. மழை நின்ற பிறகும் அரை மணி நேரம் அங்கேயே நின்று பேசினேன். வீட்டுக்குப் போனதும், "வந்துட்டீங்களா டாடி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மாலை ஏழு மணிக்கு நான் ஒரு காரியம் செய்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை பேக்கரி வரைக்கும் நடந்து போய், அங்கிருந்து வீட்டுக்குப் போன் போட்டேன். நிஷா எடுத்தாள். எங்கே இருக்கிறேன் என்று கேட்கவில்லை. மஸ்கட்டில் இருந்தால் பேசுவதுபோலவே பேசினாள். ஜெசியும் வாங்கிப் பேசினாள், இட்லி மாவு புளித்துப்போனதைப் பற்றி.

திரும்பி வந்தபோது ஜெசி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "வெளிநாட்ல இருந்தப்பவும் போன். லீவுல வந்தாலும் வெளிய போய் வீட்டுக்குப் போன். இந்த ஊர்ல இப்படி ஒரு ஆளை வேற யாராவது பாத்திருப்பாங்களா?" சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் அடுத்த நாளும் ஏழு மணிக்குப் போனேன்.

அன்று வியாழக்கிழமை. லேசாகத் தூறல். நிஷாதான் போனை எடுத்தாள்.

"டாடி, ஒண்ணு சொல்லட்டா? திட்ட மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"மம்மிகிட்ட, மஸ்கட்டுக்கு வர்றியான்னு கேட்டுடாதீங்க."

"ஏன்?"

"நீங்க கேட்டா மம்மி சரின்னுடுவாங்க. நீங்க மொதல்ல போறேன்னு சொன்னப்பவும் சரின்னாங்களாம், பாட்டி வீட்ல எல்லாரும் வேணாம்னு சொல்லியும். அங்க வந்து என்ன பண்ணுவாங்க டாடி? உங்களுக்கு டிபன் கட்டிக் குடுத்துட்டு சாயந்திரம் வரைக்கும் ஜன்னலப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. இங்க மம்மி இல்லன்னா அந்த ஆஸ்பத்திரியே ஓடாது."

"நீ?"

"டென்த் முடிஞ்சுதுல்ல, எனக்கு பி.யூ.சி. சீட் வந்திருக்கு. காமர்ஸ். சனிக்கிழமை லாஸ்ட் டேட். மம்மிதான், டாடி பேப்பர் வேலையெல்லாம் பாத்துட்டிருக்காரு, இப்ப சொல்லாதேன்னாங்க."

பேக்கரியிலிருந்து எங்கள் வீட்டு பால்கனி தெரியும். நிஷா அங்கே நின்றுதான் பேசிக்கொண்டிருந்தாள், போன் காதில். பத்து வீடு தள்ளி. அவளுக்கும் நான் நிற்பது தெரிந்திருக்கும். இரண்டு பேரும் கை அசைக்கவில்லை.

"சனிக்கிழமை நானும் வர்றேன் காலேஜுக்கு" என்றேன்.

அந்த இரவு மஸ்கட் வீட்டை நினைத்துக்கொண்டேன். வாயைப் பார்க்காமல் பல் செய்து பழகியவன், வீட்டையும் அப்படித்தான் செய்திருக்கிறேன். தினமும் பத்து நிமிடம் போனில் பார்த்த இரண்டு முகங்களை வைத்துக்கொண்டு மேசையும் படியும் செய்தேன். அளவில் தப்பில்லை. ஆனால் அந்த அச்சு எடுத்தது பழைய காலத்தில். வெள்ளிக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போவதாக இருந்தேன். போகவில்லை. ஜெசி காரணம் கேட்கவில்லை.

சனிக்கிழமை கல்லூரியில் நீண்ட வரிசை. அப்பாக்கள் எல்லோரும் பிள்ளைகளைவிடப் பயந்து நின்றார்கள். எழுத்தர் கன்னடத்தில் கேட்பதை நிஷா எனக்குத் தமிழில் சொல்ல, நான் சொல்வதை அவருக்குக் கன்னடத்தில் சொன்னாள். அப்பா தொழில் என்ற இடத்தில் 'டெக்னீஷியன்' என்று எழுதினேன். உள்ளூர் போன் எண் கேட்டார். என்னிடம் இருந்தது மஸ்கட் எண்தான். நிஷா பேனாவை வாங்கி ஜெசியின் எண்ணை எழுதினாள். பாதுகாவலர் கையெழுத்துக்கு மட்டும் பேனாவை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். வெளியே வந்ததும் அவளாகவே என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். "டாடி, ஜூஸ் குடிக்கலாமா?" என்றாள். எதிரில் நின்று, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். குடித்தோம். அதிகம் பேசவில்லை. போதுமாக இருந்தது.

திங்கட்கிழமை புறப்பாடு. ஜெசி அரைநாள் லீவு போட்டுவிட்டு என்னோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தாள். ஏர்போர்ட் பஸ் வர நேரமிருந்தது. ஐ.டி. ஆபீஸ் பிள்ளைகள் இரண்டு பேர், குழந்தையோடு ஒரு பெண், நாங்கள்.

"சர்ச்ல சர்ட்டிபிகேட் வாங்கினீங்க. அப்புறம் ரிஜிஸ்டர் ஆபீஸ் பக்கமே போகலியே, ஏன்?" என்றாள்.

"நிஷாவுக்கு இங்க சீட் போட்டாச்சு இல்ல."

"அவ சீட்டு சரி. என்னை நீங்க கேக்கவே இல்லியே."

நான் தரையைப் பார்த்தேன். "கேட்டா நீ சரின்னு சொல்லிடுவன்னு..."

"யாரு சொன்னது?"

"நிஷா."

ஜெசி சிரித்தாள். "அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்? சரி சரின்னு தலையாட்டினது அப்போ இருந்த ஜெசி. நீங்க கேட்டிருந்தா மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்." சிரிப்பு நின்றது. "ஆனா கேட்டிருக்கலாம். வீடு எடுக்கறதுக்கு முன்னாடி, மேசை வாங்கறதுக்கு முன்னாடி. டேட் சொன்னீங்க, பேப்பர் சொன்னீங்க, வர்றியான்னு ஒரு தடவ கேக்கலை. மாட்டேன்னு சொல்றதுக்காவது எனக்கு ஒரு வாய்ப்பு வேணாமா?"

நாலு பேர் நிற்கும் இடத்தில் மனைவியிடம் இப்படி ஒன்றைக் கேட்பவன் இல்லை நான். தனியாக இருக்கும்போதே கேட்காதவன். போனில் கேட்பது எளிது. அப்படியும் வாயைத் திறந்தேன்.

"ஜெசி, என்கூட வர்றியா?"

குழந்தையோடு நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள்.

"மாட்டேங்க" என்றாள் ஜெசி, மெதுவாக. என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். பிறகு, "இப்ப நான் கேக்கறேன். நீங்க இங்க வந்துடறீங்களா?" என்றாள்.

பத்து நாட்களில் யாரும் அதைக் கேட்கவில்லை. இத்தனை வருடத்திலும் யாரும் கேட்கவில்லை, நானே என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. எனக்குக் கீழே இருக்கும் நான்கு பேரும், இந்த ஊரில் ஐம்பத்தொரு வயதில் மறுபடி யாருக்குக் கீழே போய் உட்காருவது என்பதும் மனதில் ஒன்றாக வந்து நின்றன. அதற்குள் பஸ் வந்துவிட்டது. கண்டக்டர் படியில் நின்றபடி, "ஒப்பரா, இப்பரா?" என்றார், ஒருவரா இருவரா என்று. ஒரு விரலைக் காட்டினேன். ஜெசி பெட்டியை ஏற்றிவிட்டு இறங்கினாள். "அவசரமில்ல. யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள் கீழிருந்து.

மஸ்கட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. வரும் மாதம் என் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கும் படிவத்தை முதலாளி நான் வந்த அன்றே கொடுத்துவிட்டார். ஒவ்வொரு முறையும் கொடுத்த கையோடு கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன், படித்துக்கூடப் பார்க்க மாட்டேன். இந்த முறை அது என் மேசை இழுப்பறையிலேயே இருக்கிறது. நேற்று அவர் வந்து, இன்னும் என்ன யோசனை என்று கேட்டார்.

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.